மண்ணு கேட்ட அக்கா

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் தெருப் படிப்பகத்துப் பிள்ளைகள் இந்த வருஷ மலரில் மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எல்லோரும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காதவன் நான், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். விடவில்லை. தட்டச்சு செய்யும் தங்கச்சி என் தப்புகளைத் திருத்திக்கொள்ளட்டும். அந்த அக்கா பேசினதை மட்டும் திருத்த வேண்டாம். அவர் அப்படித்தான் பேசினார்.

பேரைப் போடவில்லை. அக்காவுக்குத் திருவொற்றியூரில் ஒரு மகள் இருக்கிறாள். அச்சில் பேர் வந்தால் சங்கடப்படுவாள்.

நான் மண் லாரியில் லோடு அடிப்பவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கே கட்டடத்துக்குப் பள்ளம் எடுத்தாலும் அந்த மண்ணை அள்ளி வேறெங்காவது கொட்டுவது எங்கள் வேலை. லாரி ஓட்டுவது அந்தோணி அண்ணன். ஒரு நாள் ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் நிற்கிறோம். தலையில் சும்மாடு, கையில் காலிச் சாக்கு இரண்டு வைத்துக்கொண்டு ஒரு அக்கா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"இந்த மண்ணு எங்க போவுதுண்ணா?"

"எங்கனா போவும். உனுக்கு இன்னா?" என்றார் அந்தோணி அண்ணன்.

"எங்கனா போறதுதான, எனக்கு ரெண்டு சாக்கு குடேன்."

அண்ணன் சும்மா இருப்பாரா. "இன்னாக்கா, துன்றதுக்கா?" என்றார்.

"ஆமா. உனுக்கும் ஒரு வாய் ஊட்டட்டா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் இரண்டு சாக்கையும் நிரப்பி, ஒன்றை அக்கா தலையில் ஏற்றினேன். இன்னொன்றை நானே பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிப் போனேன். போகிற வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்ததும், "நீ நல்லாக் கீறடா வாயில்லா நைனா" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர்.

பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஊரையே மூட்ட கட்டிகினு போறியா?" என்று கேட்டது கீழே நின்ற எனக்குக் கேட்டது. அக்கா, "உன் பங்க உட்டு வெச்சிருக்கேன், போ" என்றார்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்தில், எண்ணூர்க் கழிமுகத்துக்குள்ளே, சின்னச் சின்னத் திட்டுகள் இருந்தன. அதில் ஒன்றில் அக்காவின் வீடு. அந்தத் திட்டு தானாக வந்தது இல்லை. அவர் வீட்டுக்காரரின் தாத்தா காலத்தில், தண்ணீர் வற்றுகிற நேரமாகப் பார்த்து ஆற்றின் அடியிலிருந்து சேற்றை வாரி, பனையோலைமேல் நாணல் பரப்பி அதன்மேல் போட்டுக் காயவைத்து, மறுபடி போட்டு, மறுபடி காயவைத்து எழுப்பின நிலம். சுற்றிலும் வரப்பு மாதிரி ஒரு கரை. மழை பெய்து உப்பு கழுவிப் போன பிறகுதான் அதில் எதுவும் முளைக்கும். சில வீடுகள் அதில் இருந்தன. நான் பார்க்கும்போது அக்கா வீடு ஒன்றுதான் மிச்சம். வீட்டுக்காரர் கடலில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அக்கா அதில் சிறுகீரை, தண்டுக்கீரை, கத்தரி போட்டு, கீரையைத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பார். அந்தக் கீரைக்குக் குழம்பில் உப்பே போட வேண்டாம், அதிலேயே இருக்கும். ஆனால் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறை. வேர் இருக்காது. வேரை அறுத்து, மண்ணைத் திட்டிலேயே உதறிவிட்டுத்தான் கட்டுவார். வேர் இல்லாத கீரை மத்தியானத்துக்குள் தொங்கிப்போகும். "ஒரு விரக்கட வேரு உடறதுக்கு இன்னாம்மா?" என்று சண்டை போடுவார்கள். "வேரோட மண்ணும்ல போயிடும்" என்பார் அக்கா. நஷ்டம் அவருக்குத்தான்.

திட்டுக்குப் போனால் திரும்பிப் படகில் ஏறும்போது காலைக் கழுவ வேண்டும். அது அக்கா போட்ட சட்டம். படித்துறை மாதிரி ஒரு பனைமரத் துண்டு கிடக்கும். அதில் உட்காரவைத்து, விரல் இடுக்கு வரைக்கும் தேய்க்கச் சொல்வார். வரும்போது கழுவக் கூடாது. ஊரிலிருந்து காலில் ஒட்டிக்கொண்டு வந்ததைக் கரைமேல் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மகள் கல்யாணமாகிப் போனபோதும், அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் காலைக் கழுவித்தான் படகில் ஏற்றினாராம். சம்பந்தி வீட்டார் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்லி அக்கா சிரிப்பார்.

அவர் சோற்றுக்கோ துணிக்கோ யாரிடமும் கை நீட்டினதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்தபோது என் அம்மா தட்டு வைத்தாள். "சாப்ட்டன் ஆத்தா" என்று பொய் சொல்லிவிட்டு, வாசலில் உடைந்த துளசிச் சட்டி கிடந்ததைப் பார்த்து, "இந்த மண்ணு வேணுமா உங்களுக்கு?" என்றார். மாதா கோயிலுக்குப் போகிற வீட்டில் துளசி ஏது என்று கேட்க வேண்டாம். இருமலுக்கு வைத்திருந்தோம்.

காசிமேட்டில் ஒரு கல்யாணத்தில் இன்னும் வேடிக்கை. கல்யாணம் முடிந்து முளைப்பாலிகையைத் தண்ணீரில் விட எடுத்துக்கொண்டு போகிறார்கள். அக்கா குறுக்கே போய் நின்று சட்டியைக் கேட்டார். பெண்ணின் பெரியம்மாவுக்குக் கோபம்.

"நல்ல காரியத்துல இன்னா பேஜாரு உன்னோட? தண்ணில உடறதும்மா இது."

"நானும் தண்ணிக்குத்தான எட்த்துகினு போறேன். முளைய நீ உடு, மண்ண எனக்குக் குடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டில் யாரையாவது புதைத்தால் குழியை மூடின பிறகும் கொஞ்சம் மண் மிஞ்சும். அக்கா அதற்கும் வந்து நிற்பார். அழுகிறவர்கள் போகும்வரை மரத்தடியில் ஒதுங்கி நிற்பார். அங்கே காவலுக்கு இருந்தவர் நல்ல மனுஷர்தான், அவருக்கே பொறுக்கவில்லை. "பொணத்து மண்ணும்மா. அதுல கீரயப் போட்டு ஊருக்கே விக்கறியா?" என்று கத்தினார்.

"எந்த மண்ணுல நைனா பொணம் இல்ல?" என்றார் அக்கா.

அன்றைக்கு நான் கூட இருந்தேன். அந்தச் சாக்கைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. அக்கா அதைப் பார்த்தார், என்னைத் திட்டவில்லை. தானே தோளில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் ரொம்ப நாள் எங்கள் தெருவில் அக்காவிடம் யாரும் கீரை வாங்கவில்லை.

ஏன் இப்படி அலைகிறார் என்பது எனக்குத் திட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. முன்பெல்லாம் கரை இறங்கினால் ஆற்றுச் சேற்றை வாரிப் பூசினால் போதும். இப்போது அடியில் சேறு இல்லை, அனல் மின் நிலையத்துச் சாம்பல்தான் படிந்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போது சேறு மாதிரியே இருக்கும், காய்ந்தால் காற்றில் பறந்துவிடும். அது கரையில் நிற்காது. அதனால் ஊரிலிருந்து மண் வர வேண்டும். வராவிட்டால் ஏத்தத்தின்போது, அதாவது கடல் தண்ணீர் ஏறி வருகிற நேரத்தில், கரையைத் தாண்டி உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

"உட்டுட்டு மகள் வூட்டுக்குப் போகலாம்ல அக்கா" என்றேன். நான் அவரிடம் பேசின நீளமான வாக்கியம் அதுவரைக்கும் அதுதான்.

"போலாம். போனா இன்னா கீது எனக்கு? இந்தப் பக்கம் எல்லாத்தையும் கவர்மெண்டுல எடுத்துக்கப் போறாங்க. எடுத்துகினா மாத்து வூடு குடுப்பாங்க. ஆனா அளக்கணும். ஏத்தத்துலயும் தண்ணிக்கு மேல தெரியற நெலத்ததான் அளப்பாங்களாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. தண்ணிக்குள்ள போனத அளக்க மாட்டாங்க. எதிர் வூட்டுக்காரங்க, பின் வூட்டுக்காரங்க எல்லாம் உட்டுட்டுப் போனாங்க, அவுங்க பாத்தில தண்ணி நின்னுச்சு, அவுங்களுக்கு ஒண்ணும் இல்ல. அளக்கறவன் வர்ற வரிக்கும் நான் தண்ணிக்கு மேல இருந்தாவணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அளக்கிறவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸில் கேட்டால் வருவார் என்பார்கள்.

அந்தோணி அண்ணன் ஒரு தடவை தாராள மனசோடு, "ஒரு லோடு அப்பிடியே எண்ணூர்ல எறக்கறேன்க்கா, படகு வெச்சு எட்த்துகினு போ" என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். "ரெண்டு சாக்கு போதும்." அண்ணனுக்கு ரோஷம். "பிச்சக்காரிக்குத் திமிரப் பாரு" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அது விளங்கவில்லை. கேட்கிறவருக்கு நிறையக் கொடுத்தால் ஏன் வேண்டாம் என்கிறார்?

அதற்குப் பதில் சொன்னவர் அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா. அவரும் அந்தத் திட்டில் இருந்து காலி செய்தவர். எண்ணூர்ப் படகுத்துறையில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருப்பார்.

"ரசத்து மேல அப்பளம் மெதக்குதில்ல? அதாம்பா திட்டு. எங்க ஆளுங்க சேத்து மேல சேறு பூசுனாங்க, ரெண்டும் ஒரே எடை. இவ ஊர் மண்ண கொண்டாந்து போடறா. செங்கல்லு, ஜல்லி எல்லாம் கீது அதுல. அப்பளத்து மேல ஒரல வெக்கறா. அது கீழதான் போவும்."

இதை அக்காவிடம் சொல்லவா வேண்டாமா என்று நான் ரொம்பத் தவித்தேன். ஒரு சாயங்காலம் சாக்கைக் கரையில் கொட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சொல்லிவிட்டேன். அக்கா கொட்டின மண்ணை உள்ளங்கையால் மெதுவாகப் பரப்பிக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளைக்கு முதுகு தடவுகிற மாதிரி.

"தெரியும் நைனா. போடலன்னா தண்ணி ஏறுது. போட்டா கர எறங்குது. கொஞ்சம் கொஞ்சமாப் போட்டா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். அதுக்குள்ள அவன் வந்துட்டான்னா..." என்றார். அப்புறம், "இந்த மண்ணு நல்லாக் கீது. எந்த எடத்துது?" என்றார்.

அளக்கிறவர் வருகிற நாள் ஒரு வழியாகத் தெரிந்தது. ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. கரை ஒரு பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. படகுத்துறையில் டீக்கடை வைத்திருக்கிற அம்மா, முன்பு அக்காவை 'மண்ணாங்கட்டி' என்று கூப்பிட்டவர், எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். பாவம், நாளான்னிக்கு சர்வேயர் வரார், கர தணிஞ்சு கீது, ஆளுக்கு ஒரு கை குடுங்கப்பா என்று. அது எப்படியோ காசிமேடு வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையில் அந்தோணி அண்ணன் ரோஷத்தை மறந்து ஒரு லோடு முழுக்கக் கொண்டுவந்து துறையில் இறக்கினார். கல்யாண வீட்டுப் பெரியம்மா தன் தம்பியின் பைபர் படகை அனுப்பினார். மூலக்கொத்தளத்துக் காவல்காரர் ஆட்டோவில் ஏழெட்டுச் சாக்கு ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் வந்தார்கள். படகு போகிறது, வருகிறது. திட்டில் அத்தனை ஜனத்தை நான் பார்த்ததே இல்லை. திருவிழா மாதிரி இருந்தது. டீ வந்தது, பஜ்ஜி வந்தது.

அக்கா ஒவ்வொருவர் பேரையும் சொல்லிச் சொல்லி, "நீயுமா வந்த, நீயுமா வந்த" என்றார். கீரை முழுவதையும் பறித்துக் குழம்பு வைத்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். மத்தியானத்துக்கு மேல் கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "போதும்பா. போதும்" என்றார்.

"இன்னாக்கா, காலமெல்லாம் குடு குடுன்ன, இப்போ போதுங்கற?" என்று காவல்காரர் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு படகு மண் வந்தது. அக்கா வாயைத் திறந்தார். கொண்டுவந்த ஆட்கள் வியர்வையோடு, சந்தோஷமாக நின்றார்கள். அக்கா அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொட்டுவதற்கு இடத்தைக் காட்டினார். ஏன் தடுக்கவில்லை என்று பின்னால் ஒரு நாள் நான் கேட்டேன். "அத்தினி வருஷம் கேட்டதுக்கு அன்னிக்குத்தான நைனா குடுத்தாங்க. குடுக்கற கைய எப்பிடித் தட்டறது?" என்றார்.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது கரை என் இடுப்பு உயரம் இருந்தது. அழகாக இருந்தது. போகும்போது எல்லோரும் வரிசையாக நின்று காலைக் கழுவிக்கொண்டார்கள், யாரும் சொல்லாமலே.

மறுநாள் காலையில் சர்வேயரை அழைத்துப் போகிற படகில் நானும் இருந்தேன். அமாவாசை ஏத்தம், தண்ணீர் நிறைய இருந்தது. திட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். வீட்டின் கூரையும் சுவரில் மேல் பாதியும் தெரிந்தன. பக்கத்தில் இருந்த முருங்கை மரம் சாய்ந்து தெரிந்தது. கரை இல்லை. உடையவில்லை, அரிக்கவும் இல்லை, அப்படியே முழுசாகச் சறுக்கி இறங்கியிருக்கிறது. சத்தமே கேட்கவில்லை என்று அக்கா சொன்னார். அவர் தன் சின்னப் படகில், முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டி, தலை வாரியிருந்தார்.

சர்வேயர் கெட்டவர் இல்லை. சின்ன வயசுக்காரர். சுற்றிலும் பார்த்துவிட்டு, "நிலம் எங்கம்மா?" என்றார்.

"இதான் சார்."

"இது தண்ணிம்மா."

"கீழ கீது சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய நேரம் அதுதான் என்று தெரிந்தது. எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அக்கா படகிலிருந்து கீழே இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது, தொடை வரைக்கும் வந்தது, நின்றது.

"பாரு சார். நின்னுகினுதான கீறேன்? நெலம் இல்லன்னா எப்பிடி நிக்கறது?"

"அம்மா, நான் எழுத முடியாதும்மா. மேல ஏறுங்க" என்றார் அவர். இரண்டு மூன்று தடவை சொன்னார். அக்கா ஏறவில்லை. நாங்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தார். தண்ணீர் வற்றுகிறவரைக்கும் அப்படியே நின்றாராம். வற்றின பிறகும் கரை மேலே வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது மாடி. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். என் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டார், அந்தோணி அண்ணனின் சர்க்கரையைப் பற்றிக் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் இறந்துபோனது எனக்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

எண்ணூர்ப் படகுக்காரர்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு, துடுப்பால் தள்ளிப் போவார்கள். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் மண்ணில் மோட்டாரின் விசிறி இலை மாட்டி உடைந்துவிடும். "அக்கா நெலம் வருது, தூக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான் வேலை இல்லாத நாளில் ஒன்றிரண்டு தடவை அதைக் கேட்பதற்கென்றே படகில் போயிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து மறுபடி போனேன். அந்த இடம் வந்தது. படகுக்காரர் மோட்டாரைத் தூக்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. நான் கேட்டேன், தூக்க வேண்டாமா என்று.

"எத்துக்கு? இப்போ நல்ல ஆழமாக் கீது" என்றார்.

2026 ஜனவரி 2, முதல் வெள்ளி.